கேட்டது நான்தான்

மகன்,

நாங்கள் நலம் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இருக்கிறாயோ என்ற கேள்வி மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் இந்தப் பத்திரிகைக்காரரின் கையில் கொடுக்கிறேன். அவர் நல்ல மனிதர். "பேரைப் போட்டால் பிள்ளைக்கு உடன விளங்கும்தானே அம்மா" என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். நீ இருக்கிற இடத்தில் உன் பெயர் பத்திரிகையில் வருவது உனக்கு நல்லதோ கூடாததோ, ஆர் கண்டது? அதனால் உன் பெயர் இல்லை, அப்பாவின் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. ஆனால் திருகோணமலையில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். ஆகவே ஓர் அடையாளம் சொல்கிறேன். நீ போகிறபோது உன் நீலக் காற்சட்டைக்குள் பாஸ்போர்ட் வைக்க ஒரு பை தைத்துத் தந்தேன். பாதியில் நீல நூல் முடிந்து, மிச்சத்தைச் சிவப்பு நூலில் தைத்தேன். "உள்ளுக்க ஆர் அம்மா பார்க்கப் போறது?" என்று சிரித்தாய். அந்தக் காற்சட்டை இருந்தால் திருப்பிப் பார். சிவப்பு நூல் தெரிந்தால் இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் அப்பாவின் செய்தி. பதறாதே, இருக்கிறார். நீ கடைசியாகப் போன் எடுத்துக் கொஞ்ச நாளில், காலையில் குளித்துவிட்டு வந்து சாரம் மாற்றிக்கொண்டு நின்ற மனிதர் அப்படியே அலுமாரியில் சாய்ந்துவிட்டார். பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் இழுத்துவிட்டன. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். இப்போது கதிரையில் இருத்தினால் இருப்பார், பிடித்துக்கொண்டால் முற்றம் வரை நடப்பார். கஞ்சியை இடக்கையால் அள்ளிக் குடிக்கிறார், பாதி நெஞ்சில் வடிகிறது. துடைக்கப் போனால் முறைக்கிறார். அந்தக் குணத்தில் ஒரு குறையும் இல்லை. போனது பேச்சுத்தான். எல்லாப் பேச்சும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சொல் "ஓம்."

நீ சிரிக்காமல் இருக்க மாட்டாய் என்று தெரியும். நானும் ஆஸ்பத்திரியிலேயே சிரித்துவிட்டேன், பிறகுதான் அழுதேன். எத்தனை வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தினேன், எதைக் கேட்டாலும் வாயில் முதல் வருவது "ஏலாது" தானே. கோயிலுக்குப் போவோமா, ஏலாது. கூரையில் ஓடு மாற்றுவோமா, ஏலாது. உனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுங்கோ என்றேன், ஏலாது என்று கத்திவிட்டுப் பின்னேரம் சைக்கிளோடு வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டின காலம் முழுவதும் மேலே இருந்து கீழே நிற்கிறவனுக்குக் கேட்கக் கத்திக் கத்தியே பழகின குரல். வீட்டுக்குள் கறிக்கு உப்புக் காணாது என்பதையும் அப்படித்தான் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரி உப்போடு வந்துவிடுவாள். இப்போது தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம். வேண்டாமோ என்றாலும் ஓம். நோகுதோ, ஓம். நோகேல்லையோ, ஓம். உள்ளே எல்லாம் விளங்குகிறது, மகன். கண்ணைப் பார்த்தால் தெரியும். தப்பான சொல் வருகிறதென்று தெரிந்து பல்லைக் கடிக்கிறார். தலையை ஆட்டச் சொன்னால் அதுவும் ஓமென்றுதான் ஆடுகிறது. எழுதச் சொல்லி இடக்கையில் பேனை கொடுத்தோம், கோடு கோடாக இழுத்துவிட்டு எறிந்துவிட்டார்.

உனக்கும் அவருக்கும் நடந்த கடைசிக் கதையை நான் மறக்கவில்லை. வந்த வேலையை விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போகப் போகிறேன், இந்த எண் இனி வேலை செய்யாது, போய்ச் சேர்ந்ததும் புது எண் தருகிறேன் என்று நீ என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாய். போனை என் கையிலிருந்து பறித்தார். "விசாப் பேப்பர் இல்லாமல் எங்கையடா போறாய்? பேப்பர் கையில கிடைச்சாப் பிறகு எடு. அதுவரைக்கும் உன்ர குரல் இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்று கத்தினார். நீயும் வைத்துவிட்டாய். வைத்த பிறகு அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றதை நீ பார்க்கவில்லை. "திருப்பி எடுப்பான்" என்றார். நீ எடுக்கவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் ரோசத்தில் ஆருக்கு ஆர் குறைச்சல்! நடுவில் நிற்கிற என்னை இரண்டு பேரும் ஒரு மனுசியாக நினைக்கவே இல்லை.

அவர் விழுந்ததை உனக்கு அறிவிக்க நான் தட்டாத கதவில்லை. உன்னோடு போன சிநேகிதனைப் பிடித்தோம். நீ தனியாக வெளிக்கிட்டுவிட்டாய், பிறகு தொடர்பில்லை என்றான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பேஸ்புக்கில் தேடினாள், உன் பக்கத்தையே காணவில்லை. வாட்ஸப்பில் உன் படம் இருந்த இடம் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. உயிரோடு இருக்கிறாயோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் தையல் மெசினை வேகமாக மிதித்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அப்பாவின் கம்பனி ஓய்வூதிய நிதிக்குப் போனேன். அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிறவர், பேச்சுப் பழக்குகிறவர் என்று செலவு வந்துவிட்டது. அந்த நிதிக் கணக்கைப் பார்த்ததெல்லாம் நீதானே. நீ ஆங்கிலம் படித்த நாள்தொட்டு நம் ஒழுங்கைக்கே போன் நீதான். கரண்ட் பில்லுக்கு உன் எண், கிளினிக் கொப்பியில் உன் எண், மூலைவீட்டு அக்காவின் வங்கிக்கும் உன் எண். அப்பா தன் எண்ணை எங்கும் கொடுக்க மாட்டார். அதற்குக் காரணம் உனக்குச் சின்ன வயதில் விளங்கியிராது. சண்டைக் காலத்தில் வீட்டில் ஆர் ஆர் படுக்கிறார்கள் என்று பட்டியல் எழுதிப் பொலிசுக்குக் கொடுக்கவேண்டும். கூட ஒரு ஆள் இருந்தாலும் கேள்வி, ஒரு ஆள் குறைந்தாலும் கேள்வி. அந்தக் காலத்தில் அவருக்குள் புகுந்த பயம் போகவேயில்லை. பெயரையும் எண்ணையும் ஒரே இடத்தில் எழுதிக் கொடுத்தால் தேடி வருவார்கள் என்பார். அதனால் தன் பெயருக்குப் பக்கத்தில் உன் எண்ணை எழுதினார். வேறு ஊரில் ஆராவது இப்படிச் செய்வார்களா தெரியாது, இங்கே எல்லா அப்பாமாரும் செய்தது இதைத்தான்.

போகிறபோது நீ எங்கள் இருவரையும் இருத்திப் படிப்பித்தது நினைவிருக்கிறதா? "அப்பா, இந்த நிதிக் கணக்குக்குள்ள போறதுக்கு ஆரும் கேட்டால் ஒரு கோட் நம்பர் என்ர போனுக்கு வரும். நீங்கள் என்னட்டச் சொல்லாமல் ஒரு கோட் வந்தால் அது கள்ளன். 'இது நானில்லை' எண்டு ஒரு இடம் இருக்கு, நான் உடன அதை அமத்திப்போடுவன். நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ." உன் அப்பா தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறான் பிள்ளை என்று நினைத்தேன்.

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அந்த அலுவலகம். வாசலில் "உங்கள் தகவல் எங்கள் பொறுப்பு" என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. உள்ளே கிண்ணியாவிலிருந்து பாலத்தால் பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பிள்ளை வேலை செய்கிறாள். பெயர் சொல்லமாட்டேன், அவளுக்குக் கூடாது. என்னைக் கண்டதும் எழுந்து கதிரை தந்தாள். அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்துக் கொம்பியூட்டரில் எதையோ அமத்தினாள்.

"கோட் போயிட்டு அன்ரி. போனைப் பாருங்க."

அப்பாவின் போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "வரேல்லையே பிள்ளை."

"வந்திரிக்கணுமே. போன மாசம்தானே நம்பர மாத்தியிருக்காரு…"

சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள். போன மாதம் அப்பா படுக்கையில். இடக்கையால் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆள் நீ. பழைய எண் செத்துப்போனதும் உன் புது எண்ணைக் கொண்டுபோய் அங்கே போட்டிருக்கிறாய்.

உயிரோடு இருக்கிறாய். எனக்கு அந்த அலுவலகத்தில் கத்தி அழவேண்டும்போல இருந்தது. "பிள்ளை, அது என்ர மகன்ர நம்பர். அவன் எங்க இருக்கிறான் எண்டு எங்களுக்குத் தெரியாது. அந்த நம்பரை மட்டும் சொல்லு, வேற ஒண்டும் வேண்டாம். காசும் வேண்டாம்" என்றேன்.

அவள் கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினாள். எண் இருக்கவேண்டிய இடத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக இருந்தது. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. "எனக்கே தெரியா அன்ரி. எங்களுக்குக் காட்டாது. கொழும்புல பெரிய ஒபிஸ்ல ஒரு சில ஆக்கள்தான் பார்க்கலாம், அதுவும் ஆர் எப்ப பார்த்த எண்டு பதிவாகும். அங்கிள்ட தகவல் அங்கிளுக்கு மட்டும்தான்." நட்சத்திரத்துக்குப் பின்னால் என் பிள்ளை இருக்கிறான். நான் விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. அந்த இரண்டு இலக்கமும் எனக்குப் பாடம். இங்கே எழுதமாட்டேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் அது பொய். பஸ்ஸுக்கு நிற்கும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் என்ன மீன் வாங்கினேன் என்பது சந்தை முழுக்கத் தெரிகிற ஊரில், வாயை மூடத் தெரிந்த ஒரே இடம் இதுதான் போலிருக்கிறது, அதுவும் என்னிடம் வந்து மூடிக்கொண்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மெசினில் இருந்தபோதுதான் யோசித்தேன். இந்த ஊரில் பாதிப் பெண்களின் இடுப்பளவு, மார்பளவு எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தியின் அளவை இன்னொருத்திக்கு நான் சொன்னது கிடையாது. ஒருமுறை ஒரு மனிதர் பெண்சாதிக்குக் கொழும்பில் சட்டை வாங்கப் போகிறேன், அளவு தாருங்கோ என்று வந்து நின்றார். "அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பினேன். அவர் முகம் போன போக்கில் எனக்கு ஒரு இரக்கமும் வரவில்லை. இப்போது அந்த மனிதர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். என்ன செய்ய?

அடுத்த தரம் போனபோது அவளிடம் கேட்டேன், "அந்தக் கோட் இப்ப எங்க போகுது பிள்ளை?" "அந்த நம்பருக்குத்தான் அன்ரி." "வீட்டிலயிருந்தும் அனுப்பலாமோ?" அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "பாஸ்வேர்ட் மறந்து போச்சு எண்ட இடத்த அமத்தி அங்கிள்ட அடையாள அட்டை நம்பர அடிச்சா ஆருக்கும் போகும்" என்றாள். "அந்தச் செய்திக்குள்ள அம்மா எண்டு ஒரு சொல் சேர்க்க ஏலாதோ?" என்று கேட்டேன். "அது மெசின் எழுதுற அன்ரி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளுடைய தம்பியும் வெளிநாட்டில், கட்டாரில் இருக்கிறானாம்.

பிறகு எனக்கு அதுதான் வேலை. காலையில் அப்பாவுக்குப் பிளேன்ரீ ஊற்றி வைத்துவிட்டு, குசினிக் கதிரையில் இருந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவல் தந்த பழைய ஸ்மார்ட் போனில் அந்த இடத்தை அமத்துவேன். "கோட் அனுப்பப்பட்டது" என்று வரும். அதை வாசிக்கும்போது உன் போன் எங்கேயோ ஒரு மேசையில், அல்லது உன் சட்டைப் பையில், அல்லது தலையணைக்குப் பக்கத்தில் ஒருமுறை அதிர்ந்திருக்கும். அந்த நாட்டில் அப்போது விடிந்திருக்குமா, இருட்டியிருக்குமா? குளிர்கிறதா? எனக்கு எதுவும் தெரியாது. நான் தொட்டால் அசைகிற ஒரு பொருள் உன்னிடம் இருக்கிறது, அது போதும் என்று இருந்தேன். கோயிலுக்குப் போய் மணியடித்துவிட்டு வந்தது போலிருக்கும். சில நாள் மனம் கேட்காமல் பின்னேரமும் அமத்துவேன். அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "மகனுக்குத்தான் அனுப்புறன்" என்பேன். "ஓம்" என்பார். அந்த ஓம் மட்டும் சரியான ஓம்.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று நான் யோசிக்கவேயில்லை, மகன். நான் தட்டுகிறேன், அவன் திறப்பான் என்று மட்டும்தான் நினைத்தேன். ஆரோ ஒருத்தர் நாள் தவறாமல் அப்பாவின் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறான் என்று நீ அங்கே பதறியிருப்பாய். அப்பாவுக்கு அந்தப் பட்டன் போன்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாது, அம்மாவுக்கு அதுவும் இல்லை, அப்படியென்றால் கள்ளன்தான் என்று கணக்குப் போட்டிருப்பாய். கோபித்துக்கொண்டு போன பிள்ளை, அப்பாவோடு கதைக்காத பிள்ளை, அப்பாவின் கணக்குக்கு அவ்வளவு தூரத்தில் இருந்து காவல் இருந்திருக்கிறாய். இதை நினைத்தால் எனக்குச் சந்தோசமாகவும் இருக்கிறது, தலையில் அடித்துக்கொள்ளவும் வருகிறது.

ஒரு காலை அமத்தினேன். சிவப்பு எழுத்தில் வேறு ஏதோ வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பாதுகாப்புக் காரணமாக இந்தக் கணக்கு பூட்டப்பட்டுள்ளது, உறுப்பினர் நேரில் வரவும் என்று இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்து ஓர்ஸ் ஹில்லுக்கு ஓடினேன். பிள்ளை திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "அங்கிள்தான் பூட்டியிருக்காரு எண்டு காட்டுது அன்ரி. 'இது நானில்லை' எண்டு அமத்தியிருக்காரு."

"உன்ர அங்கிள் வீட்டில கஞ்சி குடிச்சுக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. படிப்பித்தபடியே செய்திருக்கிறாய். முதலில் வந்தது மகிழ்ச்சிதான், அதை ஒளிக்கமாட்டேன். உன் விரல் ஒரு இடத்தைத் தொட்டிருக்கிறது, அது இங்கே ஓர்ஸ் ஹில்லில் தெரிகிறது. அடேய், இருக்கிறாய்! "என்ர பிள்ளை பதில் சொல்லியிருக்கிறான்" என்று அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள், "இனி அந்த நம்பருக்கு ஒண்டும் போகா அன்ரி. திறக்கிற வரைக்கும்." பிடித்த கையை விட்டுவிட்டேன். எனக்கு இருந்த ஒரே வழியை, என்னிடமிருந்து அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று நீயே அடைத்துவிட்டாய். உன்னில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

திறக்கவேண்டுமென்றால் உறுப்பினர் தன் வாயால் சொல்லவேண்டும் என்றார்கள். அப்பாவை வெளுத்த சேட் போட்டு, தலை இழுத்து, ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். ஏற்றம் ஏறும்போது அவர் துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஒரு கப்பல் நின்றது. அலுவலகத்தில் கொழும்போடு போன் போட்டு மேசையில் வைத்தார்கள். தமிழ் கதைக்கிற ஒரு அதிகாரி. மரியாதையான குரல்.

"ஐயா, உங்கட பெயர் சொல்ல ஏலுமா?"

"ஓம்" என்றார் அப்பா.

"சொல்லுங்கோ ஐயா."

"ஓம்."

அவருக்குப் பாரிசவாதம், பேச்சு வராது என்று நான் சொன்னேன். சரி, நான் பெயரைச் சொல்கிறேன், நீங்கள் சரி பிழை சொல்லுங்கோ என்றார் அதிகாரி. பெயரைச் சொன்னார். ஓம். பிறந்த ஊரைச் சொன்னார். ஓம். எனக்கு உயிர் வந்தது. "உங்கட விபரத்தை மனைவிக்குச் சொல்ல நீங்கள் சம்மதமோ?" என்றார். "ஓம்" என்று அப்பா உரத்துச் சொன்னார், கிரேனில் இருந்து சொன்ன குரலில். அந்தக் குரலை நான் எத்தனை நாளுக்குப் பிறகு கேட்டேன்! அதோடு விட்டிருக்கலாம். அந்த அதிகாரி தன் வேலையைச் சரியாகச் செய்கிற மனிதர். "ஐயா, இன்னொரு கேள்வி. நீங்கள் கொழும்பிலதானே வேலை செய்தனீங்கள்?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். கழுத்து நரம்பு எழும்பியது. சொல்லுங்கோ, ஏலாது எண்டாவது சொல்லுங்கோ, உங்கட சொல்தானே அது என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். வாழ்நாள் முழுக்க எனக்கு அலுப்புத் தந்த அந்தச் சொல்லை அந்த நேரத்தில் ஒருமுறை கேட்க நான் எதையும் கொடுத்திருப்பேன். வாய் கோணிக் கோணித் திறந்தது.

"ஓம்."

"மனைவிக்கு உங்கட விபரத்தைச் சொல்லக் கூடாதோ, ஐயா?"

"ஓம்."

அதிகாரி இந்தமுறை என்னோடு கதைத்தார். "மன்னிக்கோணும் அம்மா, இதைச் சம்மதமா எடுக்க எங்களுக்கு ஏலாது. நாளைக்கு ஆரோ ஒருத்தர் இப்படி ஒரு ஆளைக் கொண்டுவந்து இருத்தி எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம்தானே" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அப்பாவின் கண்ணிலிருந்து ஓடிய தண்ணீரை அந்தக் கிண்ணியாப் பிள்ளைதான் துடைத்தாள். அவள் துடைத்தபோது அவர் முறைக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் இடக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இனி உள்ள வழி ஒன்றுதான். அவருக்குப் பேச்சு வராது என்று பெரிய டொக்டர் எழுதித் தரவேண்டும், நீதிமன்றத்தால் நான் பொறுப்பு என்று கடிதம் எடுக்கவேண்டும். அதைக் கொண்டுபோனால் கணக்கைத் திறந்து, உன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போடுவார்களாம். எனக்கென்று ஒரு போன் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்துவிடுகிற உன் எண்ணை எனக்குச் சொல்வார்களோ என்று கேட்டேன். அது பழைய தகவலாம், அதையும் காப்பாற்றுவார்களாம். ஆருக்கும் கொடுக்கமாட்டார்களாம். அப்பாவின் பயிற்சிக்காரருக்கு இரண்டு மாதமாகக் காசு கொடுக்க ஏலாமல் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, அதனால் அந்தக் கடிதங்களை எடுக்கத்தான் வேண்டும். அலைந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கையெழுத்துக் கிடைக்கும்போதும், அந்த இரண்டு இலக்கமும் திரையிலிருந்து அழியப்போகிற நாள் கிட்ட வருகிறது.

ஒரு தாய் கடிதம் எழுதினால் புத்திமதி இருக்கவேண்டும். எனக்கும் சொல்ல ஆசைதான். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், ஆரோடும் சண்டைக்குப் போகாதே. இதற்குமேல் எதைச் சொல்ல? உன் எண்ணை ஒரு இடத்தில் மட்டும் கொடுக்காதே, உன்னில் பாசமான இன்னொரு ஆளிடமும் கொடுத்து வை என்று சொல்லத் தோன்றுகிறது. பூட்டைப் போடும்போது வெளியே நிற்கப்போகிறது ஆர் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடு என்றும் தோன்றுகிறது. ஆனால் பூட்டச் சொல்லிப் பழக்கியதே நாங்கள்தானே. எழுதிக் கொடுத்தால் தேடி வருவார்கள் என்று பயந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருப்பாய்?

பேப்பர் கிடைத்ததோ இல்லையோ, அது இருக்கட்டும். அப்பா அன்றைக்குச் சொன்னதை நான் இந்த இடத்தில் அழிக்கிறேன். அழிக்க எனக்கு உரிமை இருக்கிறது, அவரும் பக்கத்தில்தான் இருக்கிறார். அப்பாவின் போன் எண் அதேதான், உனக்குப் பாடம். எடு. கதைக்க விருப்பமில்லையென்றால் ஒருமுறை அடித்துவிட்டு வை. உன் போனுக்கு அத்தனை நாளும் வந்த அந்தக் கோட் கள்ளன் அனுப்பியதில்லை, ராசா. கோட் கேட்டது நீங்களா என்று அந்தச் செய்தி உன்னைக் கேட்டிருக்கும், நீ இல்லை என்று அமத்தியிருக்கிறாய். கேட்டது நான்தான். குசினியில் இருந்து, தேத்தண்ணி ஆற ஆற, நான்தான் கேட்டேன்.

எழுதியதெல்லாவற்றையும் இப்போது அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். கொழும்பு அதிகாரி வந்த இடத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முடிந்ததும் கடிதத்தை மடித்துவிட்டு, "மகன் எடுப்பானோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். மற்றக் கேள்வியை நான் கேட்கவில்லை.

உன் அம்மா